ஒரு லிட்டருக்கு எத்தனை லிங்கம்

"உங்க வண்டி எவ்ளோ கொடுக்குது?"

கார் வைத்திருக்கும் எவரும் இந்தக் கேள்விக்கு உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். நான் சொன்னதில்லை. என்னிடம் கார் இருக்கிறது, கணிதத்தில் பட்டம் இருக்கிறது, தெருப் பிள்ளைகளுக்குக் காலமும் தூரமும் கணக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம்கூட இருக்கிறது. ஆனாலும் யாராவது இப்படிக் கேட்டால் வாயில் பதினேழு வருகிறது, மனசில் பத்தொன்பது வருகிறது. இரண்டையும் விழுங்கிவிட்டு, "பரவாயில்லைங்க" என்று நகர்ந்துவிடுவேன். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு என் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. இத்தனைக்கும் அந்தக் காரை எனக்குத் தேர்ந்தெடுத்துத் தந்தவர், மைலேஜ் விஷயத்தில் அரை கிலோமீட்டர்கூடக் கூட்டிச் சொல்லாதவர்.

அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழுந்த வீடுகளில் ஒன்றின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு அந்த ஆபீசில்தான் வேலை. கீழ்வீட்டில் அக்காவும் அவர் கணவரும். அவரை ஊரே பாய் என்று அழைத்தது, நானும் அப்படித்தான். பழைய கார்களை விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைப்பது பாயின் தொழில். வாசலில் எப்போதும் யாருடையதோ ஒரு கார் நிற்கும். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அந்த வாசலுக்கு வந்த எந்தக் கார் எவ்வளவு கொடுக்கும் என்பது தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க மட்டும் தெரியாது.

அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் வாசலைப் பார்த்து இருந்தது. பாய்க்கு அது தீராத தலைவலி.

"பதினாறு கொடுக்கும் சார். என் சொந்த வண்டி மாதிரி நெனச்சு சொல்றேன்" என்று பாய் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளே கடுகு வெடிக்கும். அதற்கு மேலாக அக்காவின் குரல் வரும்.

"பதிமூணு."

"அது உள்ள வேற ஏதோ பேசிக்கிறாங்க சார்."

"பச்சை வண்டிதானே? பதிமூணுதான். ஏசி போட்டா பதினொண்ணு."

வந்தவர் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார். பாய் மாடியைப் பார்த்து என்னிடம் முறையிடுவார்: "பார்த்தியாம்மா? எல்லார் ஊட்லயும் பொண்டாட்டி புருஷனைக் காட்டிக் கொடுப்பா. எங்க ஊட்ல டேங்கைக் காட்டிக் கொடுக்கறா."

ஆனால் கிளம்பிப் போனவர் அடுத்த வாரம் தம்பியையோ மச்சானையோ கூட்டிக்கொண்டு திரும்பி வருவார். பாயைத் தாண்டி நேராக ஜன்னலுக்குப் போய், "நீங்களே ஒண்ணு சொல்லுங்கம்மா" என்று நிற்பார். முதன்முதலாகக் கார் வாங்க வருகிறவர்கள் எல்லோருமே கடைசியில் அந்த ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவர்களுக்கு யோசனை சொல்வார். நான் மாடிப்படியில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

"கம்பெனிக்காரன் சொல்ற மைலேஜ் மாப்பிள்ளை வூட்டுக்காரங்க சொல்ற சம்பளம் மாதிரி. கம்மி பண்ணித்தான் எடுத்துக்கணும்."

"வண்டியை அப்புறம் பாருங்க. விக்கிறவரோட செருப்பை மொதல்ல பாருங்க. வலது செருப்பு முன்பக்கம் தேஞ்சிருந்தா அந்த ஆளு ஆக்சிலேட்டரை மிதிச்சே கொன்னிருப்பான். வேணாம்."

"டிக்கியில இன்னா வச்சிருக்கீங்க? ரெண்டு வருஷமா அந்த அம்மிக்கல்லு ஊர்வலம் போயிட்டிருக்கா? எறக்கி வைங்க. அதுக்கும் சேர்த்துத்தான பெட்ரோல் ஊத்தறீங்க?"

செருப்பு யோசனை சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கே தெரியாது என்றும் சில நேரம் தோன்றும். ஒருமுறை செருப்பே தேயாத ஒரு பெரியவரை நம்பி ஒரு வண்டியைச் சிபாரிசு செய்தார். பிறகுதான் தெரிந்தது, பெரியவர் முந்தின நாள்தான் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார். அக்கா அதற்காக வெட்கப்பட்டவராகத் தெரியவில்லை. "அப்படின்னா பழைய செருப்பையும் கேட்கணும்" என்று விதியில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

கார் என்றில்லை, அவர் உலகத்தையே மைலேஜில்தான் அளந்தார். காஸ் சிலிண்டர், சோப்பு, கல்யாணத்துக்கு வந்த உறவினர்கள், எல்லாவற்றுக்கும் ஒரு கொடுப்பு உண்டு. நோன்பு மாதத்தில் சாயங்கால வேளையில் படியில் வந்து உட்கார்ந்து, "விடியறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி. இன்னும் ஓடிட்டிருக்கேன் பாரு. எந்த வண்டியாவது இப்படிக் கொடுக்குமா?" என்பார். பாயைப் பற்றிக் கேட்டால், "அவரு டவுன்ல ஜாஸ்தி குடிக்கிற வண்டி. டீயைச் சொல்றேன்" என்பார்.

அப்போது பாப்பாவுக்கு இரண்டு வயது. சரியாகச் சாப்பிட மாட்டாள். ஒவ்வொரு வேளையும் எனக்குப் பரீட்சை. நான் எதைத் தவறாகச் செய்கிறேன், பருப்பா, நெய்யா, ஊட்டும் நேரமா என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். டாக்டர் எடை சரிதான் என்று சொன்னாலும், அவருடைய தராசு சரிதானா என்று வீட்டுக்கு வந்து யோசிப்பேன். ஒருநாள் தட்டில் அப்படியே இருந்த சோற்றைப் பார்த்து நான் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அக்கா தட்டையும் பார்த்தார், படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பாப்பாவையும் பார்த்தார்.

"எவ்ளோ சாப்ட்டா?"

"ரெண்டு உருண்டைதான் அக்கா."

"ரெண்டு உருண்டை. காத்தாலேர்ந்து இந்தப் படியை ஏறி எறங்கிட்டே இருக்கா. எங்க மாமியா ஆறு தோசை தின்னுட்டு வாசல்வரைக்கும் போவ மாட்டாங்க. இவ்ளோ நல்ல மைலேஜை வச்சிக்கிட்டு எவளாவது அழுவாளா?"

பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். பாப்பாவும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடாத நாட்களில், நல்ல மைலேஜ், நல்ல மைலேஜ் என்று நானே முணுமுணுத்துக்கொள்வேன்.

அக்கா கார்களைச் சோதித்த முறையை இனிச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் ஊரில் மலையைச் சுற்றி வரும் பாதை பதினான்கு கிலோமீட்டர். வழியில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள். பெரிய கோபுரத்திலிருந்து கிளம்பினால் முதலில் இந்திரலிங்கம், செங்கம் ரோட்டில் அக்னிலிங்கம், ஆசிரமத்தையும் தாண்டிப் போனால் எமலிங்கம். ரோட்டை விட்டு மலைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரத்தில் நிருதிலிங்கம். பிறகு வருணன், வாயு, குபேரன், ஈசானியம். மறுபடி கோபுரம். பக்தர்களுக்கு அது கிரிவலம். அக்காவுக்கு அது அளவுகோல்.

டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் குழாயைப் பாய் கழற்றுவார். ஒரு பாட்டிலில் அக்கா பெட்ரோல் ஊற்றுவார். எது வரை ஊற்றினால் சரியாக ஒரு லிட்டர் என்பதற்குப் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே சிவப்பு நெயில் பாலிஷில் அவரே ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு போனாலும் சாய்த்து எடுத்துவிடுவார். குழாயைப் பாட்டிலில் செருகி, பாட்டிலைப் பானட்டுக்குள் கட்டிக்கொண்டு, கூட்டமில்லாத காலை நேரத்தில் கோபுரத்து முன்னாலிருந்து கிளம்புவார்கள். பாட்டில் தீர்ந்து வண்டி எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் மைலேஜ்.

அதனால் எங்கள் பகுதியில் கார்களுக்கு எண்ணைவிட லிங்கம்தான் அதிகம் வழங்கியது. ஒரு காண்ட்ராக்டரின் ஜீப் முதல் சுற்றிலேயே வருணனில் நின்றது. அன்றிலிருந்து அந்த ஜீப்புக்கு வருணன் என்றே பெயர். "வருணன் வர்றாரு, வழி விடுங்க" என்று டீக்கடையில் சொல்வார்கள். இரண்டாவது சுற்றில் இந்திரனைத் தொடும் வண்டி மோசமில்லை. அக்னியைத் தொட்டால் நல்ல வண்டி. "ஏசி போட்டா ஒரு லிங்கம் கொறையும்" என்பது அக்காவின் இன்னொரு விதி.

மலை எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஒரு டிரைவர் எதிர்த்திசையில் சுற்றினால் சீக்கிரம் முடியும் என்று வண்டியைத் திருப்பியபோது அக்கா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வழக்கமெல்லாம்?" என்று அந்த ஆள் கேட்டார். "ஊர் வழக்கம் எனக்கும்தான். அதுவும் இல்லாம, அந்தப் பக்கமா போனா ஏத்தம் எறக்கம் மாறிடும், கணக்கு கெட்டுப்போவும்" என்றார் அக்கா. இரண்டில் எது முக்கியக் காரணம் என்று நான் கேட்டதில்லை.

ஒருவர் மட்டும் பௌர்ணமி அன்று சோதித்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார். அவர்தான் விற்பவர். நாள் நல்ல நாளாம். சாயங்காலம் கூட்டம் சேர ஆரம்பித்த நேரம். வண்டி ஊர்ந்து ஊர்ந்து போய், நிருதிலிங்கத்தருகே பாட்டில் தீர்ந்து நின்றது. யாரோ காருடன் கிரிவலம் வந்து நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள் என்று பக்தர்கள் நினைத்துவிட்டார்கள். பத்துப் பேர் பின்னால் கை வைத்தார்கள். "அரோகரா" என்று ஒரு தள்ளு. களைத்தவர்கள் விலகினால் புதியவர்கள் சேர்ந்தார்கள். வண்டி முழுச் சுற்றும் வந்து கோபுரத்து முன்னால் நின்றது. விற்பவர் இறங்கி, "பதினாலு கிலோமீட்டர். பார்த்தீங்கல்ல?" என்றார்.

அக்கா மூச்சு வாங்க இறங்கினார். உள்ளே உட்கார்ந்து வந்தவருக்கு எதற்கு மூச்சு வாங்கியது என்றால், வழியெல்லாம் சிரித்திருக்கிறார். "வண்டி கொடுத்தது அஞ்சு. மிச்சம் ஜனங்க கொடுத்தது" என்றார். அந்த விற்பனையும் போயிற்று.

எங்களுக்குக் கார் வேண்டும் என்ற எண்ணம் ஓர் ஐப்பசி மழையில் வந்தது. பாப்பாவுக்கு வீசிங் வரும். அன்று மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், ஒரு ஆட்டோகூட வராத மழையில் அவளைத் தோளில் போட்டு, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வீடு வரை நடந்தேன். குடை அவளுக்குப் போதுமா, வேகமாக நடந்தால் அவளுக்குக் குலுங்குமா, மெதுவாக நடந்தால் நனைவாளா என்று ஒவ்வொரு அடியிலும் சந்தேகம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போதே கணவரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த மழைக்குள் ஒரு கார் வேண்டும், நானே ஓட்டுகிறேன் என்று.

அவர் மறுக்கவில்லை. "அம்மாகிட்ட கேட்டுக்கோ" என்றார். என் மாமியார் கீழ்பென்னாத்தூரில் இருந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்ற பணத்தில் பாதிக் காரை அவர்தான் வாங்கித் தர வேண்டும். அத்தை சம்மதிக்கும் காரைத்தான் நாங்கள் வாங்க முடியும். சம்மதிக்காவிட்டால் குடைதான்.

அத்தை நல்லவர். பேத்திக்காக எதையும் செய்வார், சகுனம் பார்க்காமல் எதையும் செய்ய மாட்டார். அவருக்குத் தெரிந்த ஒருவரின் பெரிய பழைய காரைத்தான் முதலில் பார்த்தோம். உட்கார்ந்தால் சோபா மாதிரி இருந்தது. கோபுரத்திலிருந்து கிளம்பி ஆறு லிங்கங்களைக் கும்பிட்டுக்கொண்டே போனோம். முதல் சுற்றிலேயே குபேரலிங்கத்துக்கு நேராக அது நின்றுவிட்டது.

அத்தைக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "குபேரன்கிட்டயே போய் நின்னுடுச்சு பாருடி. வேற எங்கயும் நிக்கல. இதையே முடிச்சுடு."

அக்கா பின்சீட்டில் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பதினொண்ணும்மா. இது குபேரன் வச்சிருந்தாத்தான் கட்டுப்படியாவும்."

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். பெட்ரோல் போட முடியாமல் வாசலில் நிற்கும் காரில் குழந்தையை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? கணக்குப் போட்டுக் காட்டினேன். அத்தை கணக்கை மதிப்பவர். முணுமுணுத்துக்கொண்டே, "சரி, வேற பாருங்க" என்றார்.

அடுத்து வந்தது ஒரு சின்ன வெள்ளைக் கார். முதல் பார்வையிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. கியர் என் கைக்கு அடங்கியது, பாப்பா பின்சீட்டில் ஏறி நின்று கண்ணாடி வழியாகத் தெருவுக்கே கை காட்டினாள். விற்பவரின் பழைய செருப்பும் புதுச் செருப்பும் அக்காவின் சோதனையில் தேறின. பாய் ஓட்ட, முன்னால் அத்தை, பின்னால் அக்கா, நான், பாப்பா. குபேரனைச் சட்டை செய்யாமல் தாண்டியது. ஒரு சுற்று முடிந்தது. இந்திரன் போனார். அக்னி போனார். அக்கா முழங்கையால் என்னை இடித்தார். ஆசிரமத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பாப்பா டாட்டா காட்டினாள்.

எஞ்சின் இரண்டு தும்மல் தும்மியது. வண்டி ஆடி ஆடிப் போய், எமலிங்கத்துக்கு முன்னால் நின்றது.

பாப்பா மட்டும் கை தட்டினாள்.

"பதினேழு" என்றார் அக்கா. அவர் குரலில் அவ்வளவு பெருமை. பிறகுதான் அத்தையின் முதுகைப் பார்த்தார்.

அத்தை இறங்கிவிட்டார். "எம்மா, எறங்கு. கொழந்தையத் தூக்கிக்கினு எறங்கு."

அக்கா சமாளிக்கப் பார்த்தார். "இன்னாம்மா நீங்க, எமன்கிட்டயே நேரா வந்து கும்பிடு போட்டுட்டுப் போற வண்டி. இனிமே அவரு எதுக்குத் தேடிக்கினு வரப்போறாரு? இங்க கும்பிட்டா ஆயுசு ஜாஸ்தின்னு உங்க ஆளுங்கதான சொல்றாங்க?"

"கும்பிட்டா ஆயுசு. நின்னா?" என்று கேட்டார் அத்தை. பாய் குழாயை டேங்கில் மாட்டி வண்டியைக் கிளப்பிய பிறகும் அத்தை ஏறவில்லை. செங்கத்திலிருந்து வந்த பஸ்சைக் கை காட்டி நிறுத்தி, பேத்தியையும் வாங்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

பட்டம் வாங்கிய நான் இதற்கெல்லாம் சிரித்திருக்க வேண்டும். கணவர் சிரித்தார். "பெட்ரோல் தீர்ந்த எடத்துல நின்னுச்சு, அவ்ளோதான?" என்றார். அவ்வளவுதான் என்று எனக்கும் தெரியும். ஐம்பது மீட்டர் முன்னாலோ பின்னாலோ நின்றிருந்தால் அது வெறும் ரோடு. ஆனால் அந்தப் பின்சீட்டைக் கண்ணை மூடி நினைத்தால் மூச்சு இழுக்கும் பாப்பா அதில் படுத்திருந்தாள், நான் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் கீழே போய் அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா அந்த வண்டி வேணாம்னுதான் தோணுது. அப்புறம் அந்த வண்டிதான் வேணும்னும் தோணுது."

"உனக்கு எதைப் பார்த்து பயம்? எமனையா, உங்க அத்தையையா?"

"அத்தை பணம் தரலைன்னா பரவால்ல அக்கா, இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்துக்கலாம். ஆனா பாப்பாவுக்கு ஒருநாள் முடியாமப் போய், நான் அந்த வண்டியில உக்காந்து இதையே நெனச்சுட்டிருந்தா எப்படி ஓட்டுவேன்?"

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. ஜன்னல் வழியாக வாசலில் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தார்.

"டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு" என்றார்.

"அப்படியா?"

"கம்மியாத்தான் இருந்திருக்கும். உங்க அத்தையை வரச்சொல்லு. இன்னொருக்கா சுத்தலாம்."

அத்தையை வரவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. வந்தார். அன்று அவருக்கு அமாவாசை விரதம், ஒன்றும் சாப்பிடவில்லை. பாப்பாவைக் கணவரிடம் விட்டுவிட்டோம். டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை அக்கா இறக்கி வைக்கச் சொன்னார். நான்கு டயருக்கும் காற்று. பாயைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார். "காலு கனம் கொறையும்." பாட்டிலை மட்டும் எங்கள் எதிரில் நிரப்பவில்லை. வீட்டிலேயே நிரப்பி, முந்தானையில் சுற்றி எடுத்து வந்து, அவரே பானட்டுக்குள் குனிந்து கட்டினார். எப்போதும் கோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டுபவர், அன்று காட்டவில்லை. காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை.

ஒரு சுற்று முடிந்தது. இந்திரன். அக்னி. ஆசிரமம் வந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டார். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். எமலிங்கத்துக் கோபுரம் தெரிந்தது, பெரிதானது, ஜன்னலுக்கு நேராக வந்தது, பின்னால் போனது. அத்தை கண்ணைத் திறக்காமலே, "தாண்டிடுச்சா?" என்றார்.

"தாண்டிடுச்சும்மா" என்றார் பாய். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் தன் மனைவியைப் பார்த்தார்.

வண்டி செங்கம் ரோட்டை விட்டுத் திரும்பியது. நாங்கள் மூன்று பெண்களும் காரணமே இல்லாமல் சிரிக்க ஆரம்பித்தோம். அத்தை டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்து, "ஓடு ராஜாத்தி" என்றார். நிருதிலிங்கத்து வாசலில் அது தும்மி நின்றது.

"நிருதி பிள்ளை வரம் குடுக்கற சாமிடி" என்றார் அத்தை, என் வயிற்றைப் பார்த்து. பணம் அன்றைக்கே கிடைத்தது.

பாய் பானட்டைத் திறந்து காலிப் பாட்டிலை அவிழ்த்தார். "பத்தொம்பதா? இந்த வண்டியா?" என்றார் மெதுவாக.

"காத்து அடிச்சோம்ல" என்றார் அக்கா. பாட்டிலை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தக் காரை வாங்கினேன். பயந்து பயந்து ஓட்டக் கற்றேன். அடுத்த மழையில் பாப்பாவுக்கு மூச்சு இழுத்தபோது அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து நானே ஓட்டிப் போனேன். வழியில் பிரேக், வைப்பர், கிளட்ச் என்று ஆயிரம் பயம். எமன் ஞாபகம் மட்டும் வரவில்லை.

அதன் பிறகு எத்தனையோ முறை பெட்ரோல் போட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை பதினேழு வரும், ஒருமுறை பதினெட்டரை. டயர் காற்றா, என் காலா, அந்த ஒரு நாள் மட்டும் வண்டி மனம் வைத்ததா? அக்காவைக் கேட்டால், "வண்டி கொடுத்துச்சு, நீ வாங்கின" என்பார். வாசலுக்கு வந்த எல்லாக் காரின் எண்ணையும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னவர், என் காரின் எண்ணை மட்டும் அன்றைக்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னதே இல்லை. யாராவது அது எங்கே நிற்கும் என்று விசாரித்தால், "நிருதியைத் தாண்டாது" என்பார். நான் அந்தப் பதிலை வெகுநாள் யோசித்தேன். எமனில் நின்றாலும் அது உண்மை, நிருதியில் நின்றாலும் அது உண்மை.

அக்காவும் பாயும் இப்போது ஆம்பூரில் மகள் வீட்டோடு இருக்கிறார்கள். ரம்ஜானுக்கு நானும் தீபாவளிக்கு அவரும் போன் செய்துகொள்கிறோம். அன்று பாட்டிலில் எவ்வளவு இருந்தது என்று நேரடியாகக் கேட்டுவிடலாம். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார், அவரால் வேறு மாதிரி முடியாது. அதனால் கேட்கவில்லை.

இப்போது காரை விற்கப் போகிறோம். பாப்பா வளர்ந்துவிட்டாள், தம்பி ஒருவனும் வந்துவிட்டான் (அத்தை இதை நிருதி கணக்கில்தான் எழுதியிருக்கிறார்), பின்சீட்டில் சண்டை. வாங்க வந்திருப்பவள் கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பள்ளி ஆசிரியை. இடுப்பில் கைக்குழந்தை. அவளுக்கு இதுதான் முதல் கார். குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே காரை மூன்று முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு, "ஒரு லிட்டர் ஊத்தி மலையைச் சுத்திப் பார்த்துடலாமாக்கா? எங்க அத்தையும் வருவாங்க. அவங்க கொஞ்சம் சகுனம் பார்ப்பாங்க" என்றாள்.

தை பிறந்ததும் வருகிறார்கள். அவள் கேட்டதிலிருந்து நான் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். எஞ்சினுக்கு வயதாகிவிட்டது, முன்போல் கொடுப்பதில்லை. கோடு வரை சரியாக ஊற்றினால், என் கணிப்பில், இந்தக் கார் அக்னிலிங்கத்துக்கு முன்னால் போய் நிற்கும். பெட்ரோல் வண்டி அக்னியில் நின்றால் எந்த மாமியார் சம்மதிப்பார்? கொஞ்சம் கூட்டி ஊற்றினால் எமன். இன்னும் கூட்டினால் நிருதி, ஆனால் அந்தப் பெண் இல்லாத மைலேஜை நம்பி வாங்குவாள். கொஞ்சம் குறைத்து ஊற்றினால் இந்திரன், தேவராஜன், ஒருவருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் அது என் காரை நானே குறைத்துச் சொல்வது, என் கணவர் விலையைக் குறைக்க மாட்டேன் என்கிறார்.

கார் வைத்திருப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், மாமியாராக இருப்பவர்கள், யாராக இருந்தாலும் தை பிறப்பதற்குள் எனக்கு எழுதுங்கள். எவ்வளவு ஊற்றட்டும்?